விரத காலத்து உண்ணிகள்

லோகேஸ்வரிக்குத் தேனீ மேல் ஒரு ஆசையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தலையில் வலை போட்ட தொப்பியும் கையில் புகைக்கலயமுமாக அவளைப் பார்க்கிறவர்கள், "உங்களுக்கு எவ்வளவு ஈடுபாடு!" என்று வாயைப் பிளப்பார்கள். ஈடுபாடெல்லாம் அவள் புருஷன் சுகுமாரனுக்கு. அவளுக்கு இருந்தது முதுகுவலி.

சுகுமாரன் பினாங்கை ஒட்டிய பிறை ஊரில் லாரி ஓட்டியவர். ஒருமுறை விவசாய இலாகா நடத்திய வகுப்புக்குப் பொழுதுபோகாமல் போனவர், திரும்பி வரும்போது இரண்டு தேன்பெட்டிகளோடு வந்தார். மனுஷன் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். இரண்டு நாலாகி, நாலு ஒன்பதாகிவிட்டது. ஜார்ஜ் டவுனில் பத்தாவது மாடி வீட்டில் இருந்துகொண்டு ஒன்பது பெட்டியை எங்கே வைப்பது? ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் தெரிந்தவர் ஒருவரின் பழத்தோட்டம் இருந்தது. வருஷத்துக்கு நாலு போத்தல் தேன் கொடுத்தால் போதும் என்று அவர் இடம் விட்டார். சரிவின் உச்சியில் வெயில் படும் மேடு ஒன்று உண்டு. அதற்கு ஏற சிமெண்டுப் படிகள் உண்டு. அந்தப் படிகளைக் கட்டியவன் கையில் கிடைத்தால் லோகேஸ்வரி நாலு வார்த்தை கேட்பாள், ஒரு படி முழங்கால் உயரம் என்றால் அடுத்தது சாண் உயரம்.

போன வருஷம் சுகுமாரனுக்கு நெஞ்சுவலி வந்தது. இரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. இரண்டு ஸ்டெண்ட் வைத்து அனுப்பிய டாக்டர், லாரி கூடாது, பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். தேன் நிறைந்த ஒரு பெட்டி அரிசி மூட்டை கனம் கனக்கும். "ரெண்டு மாசம் பாத்துக்க லோகா, அதுக்குள்ள நான் எழும்பிடுவேன்" என்றார் சுகுமாரன். அவளும் தலையாட்டினாள். அந்த இரண்டு மாசம் வருஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய வேலையையும் சொல்ல வேண்டும். புக்கிட் தெங்காவில் மின்னணுப் பலகைகள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் அவளுக்குச் சோதனைப் பிரிவு. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஈயப் பொட்டு ஒன்று விலகியிருக்கிறதா, கம்பி ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் உட்கார்ந்தவள், இப்போது வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. கம்பெனி பஸ் தீவுக்குத் திரும்பும் பாலத்தில் ஏறும்போதே அவள் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும். லீவு நாளில் மலைக்குப் போனால் அங்கேயும் அதே கதைதான். பெட்டிக்குள் தேனடை தொங்கும் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து, ஈயின் முதுகில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

ஒட்டிக்கொண்டிருப்பது உண்ணி. வரோவா என்று அதற்குப் பெயர். கடுகளவுதான் இருக்கும், செம்பழுப்பு நிறம், தட்டை உடம்பு. தேனீயின் புழு வளரும் அறையை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன்னால் உள்ளே நுழைந்துகொள்ளும். உள்ளே இருக்கும் குஞ்சைக் கடித்து உறிஞ்சி, அங்கேயே தானும் குஞ்சு பொரித்து, வெளியே வரும்போது குடும்பமாக வரும். போகிற போக்கில் நோயையும் வைத்துவிட்டுப் போகும். அந்த அறையில் பிறக்கிற தேனீக்குச் சிறகு கசங்கிய காகிதம் மாதிரி இருக்கும், பறக்காது. குளிர் நாடுகளிலாவது பனிக்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்தும், உண்ணிக்கும் கொஞ்சம் ஓய்வு. பினாங்கில் ஏது பனி? ராணி வருஷம் முழுக்க முட்டையிடும், உண்ணியும் வருஷம் முழுக்கப் பெருகும். "எங்க ஃபேக்டரிக்கும் இந்த உண்ணிக்கும்தான் பப்ளிக் ஹாலிடே கிடையாது" என்பாள் லோகேஸ்வரி.

அதனால் மாசத்துக்கு ஒருமுறை சோதனை போட்டே ஆக வேண்டும். புழு இருக்கும் சட்டத்திலிருந்து அரைக் கோப்பை ஈக்களை ஒரு ஜாடியில் தட்டி, ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கினால் உண்ணிகள் கழன்று அடியில் தங்கும். ஈக்கள் செத்துப்போகும். முந்நூறு ஈ போனாலும் முப்பதாயிரம் பிழைக்குமே என்பது கணக்கு. நூறு ஈக்கு மூன்று உண்ணிக்கு மேல் இருந்தால் மருந்து வைத்துவிட வேண்டும். சுகுமாரன் சொல்லிக்கொடுத்தார், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்து வந்தாள்.

இங்கேதான் விரதம் வந்து குறுக்கே நின்றது.

அவருக்கு ஸ்டெண்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று லோகேஸ்வரி தண்ணீர்மலை முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். மனுஷன் பிழைத்து நடமாடினால், அடுத்து வரும் புரட்டாசியில் தொடங்கிக் கந்த சஷ்டி முடியும் வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யமாட்டேன் என்று. நெஞ்சு படபடக்க நிற்கிறவள் வார்த்தையை அளந்தா பேசுவாள்? ஈ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான். மனுஷனும் பிழைத்து நடமாடினார்.

"ஸ்பிரிட் ஊத்தலேன்னா எப்படிடி கண்டுபிடிப்ப?" என்று சுகுமாரன் கேட்டார்.

"ஐசிங் சீனி போட்டுக் குலுக்கினாலும் உண்ணி விழுமாம். ஈ சாகாதாம். திரும்பக் கூட்டுலயே விட்டுடலாம். நீங்கதானே அந்த வீடியோவ காட்டுனீங்க?"

"மருந்து வெக்கணும்னா? உண்ணி சாகுமே. அதுவும் உசுருதான்னு சொல்லுவியா?"

"சஷ்டி முடியட்டுங்க, பாத்துக்கலாம்."

சுகுமாரன் அதோடு விட்டுவிட்டார். தன் உயிருக்காக ஒருத்தி இருக்கும் விரதத்தில் எவன் குறை சொல்வான்?

சீனி முறை நல்ல முறைதான், காய்ந்த ஊரில். புரட்டாசி பினாங்குக்கு மழைக்காலம். ஷிப்ட் போக மிச்சமிருக்கும் விடிகாலைகளில், மலையில் பனிமூட்டம் இறங்கி, இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஜாடியைத் திறப்பாள். பொடிச்சீனி ஈக்களின் மேல் பட்டதும் ஈரத்தில் பிசுபிசுத்து அப்பிக்கொள்ளும். உண்ணி எங்கிருந்து விழும்? வெள்ளைத் தட்டில் ஒன்று விழும், இரண்டு விழும். அந்த ஒன்றிரண்டையும் அவள் நசுக்காமல் புல்லில் கொட்டிவிடுவாள். பக்கத்துச் சரிவில் முப்பது பெட்டி வைத்திருக்கும் ஹஸ்ருல் அதைப் பார்த்துவிட்டு, மழைக்கு இந்தச் சீனி சரிப்படாது, கணக்குக் குறைச்சலாகத்தான் காட்டும் என்று மலாயில் இரண்டு தடவை சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், கணக்குக் குறைவாக இருந்தது அவளுக்கு வசதியாக இருந்தது. குறைவாக இருந்தால் சீக்கிரம் இறங்கிப் போய்த் தூங்கலாம்.

சஷ்டி முடிந்து, தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்து இறக்கிவிட்டு, அந்த வார லீவில் அவள் மேட்டுக்கு ஏறினாள். முதல் பெட்டியின் வாசலுக்கு முன்னால் புல்லில் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். தேனீக்கள். பறக்க முடியாமல், கசங்கிய சிறகோடு, எங்கே போவதென்று தெரியாமல் மண்ணில் நடந்துகொண்டிருந்தன. மூடியைத் திறந்தாள். புழு அறைகளின் மூடிகள் ஓட்டை விழுந்து கிடந்தன. உள்ளே குஞ்சுகள் பாதி உருவத்தில் செத்திருந்தன. ஒன்றைக் குச்சியால் வெளியே எடுத்தபோது அதன் வெள்ளை வயிற்றில் மூன்று உண்ணிகள் நகர்ந்தன.

ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கினாள். ஜாடியின் அடியில் மிளகு ரசத்து மண்டி போலத் தங்கியது. அவள் எண்ணக்கூட இல்லை.

ஒன்பதையும் திறந்து பார்த்துவிட்டாள். மூன்றில் கைப்பிடி ஈதான் மிச்சம். நாலில் எல்லாமே ஊர்ந்துகொண்டிருந்தன. கடைசி இரண்டில் மட்டும் கொஞ்சம் தெம்பு இருந்தது. திறந்த பெட்டிகளுக்கு நடுவில் நின்ற அவள் மனசில் முதலில் வந்தது துக்கமில்லை, நிம்மதி. அப்பாடா, எல்லாம் செத்துவிட்டால் இனி இந்தப் படி ஏற வேண்டாம். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது. கீழே ரம்புத்தான் மரத்தடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் சுகுமாரன் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருப்பது பிடிக்காமல் ஒவ்வொரு முறையும் கூடவே வந்து, மேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பார். மேட்டு விளிம்பில் பெட்டிகளின் வரிசை மட்டும் அவருக்குத் தெரியும்.

இறங்கி வந்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"உண்ணி?"

"கொஞ்சம் ஏறியிருக்கு. மருந்து வெச்சா சரியாயிடும். வாங்க, வெயில் ஏறுது."

அதிர்ச்சி தரும் விஷயம் எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது ஒரு காரணம். தன் விரதம்தான் அவர் ஈக்களைத் தின்றது என்று அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பது இன்னொரு காரணம். பொய் சொல்லிவிட்ட பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இரண்டு கூட்டையாவது பிழைக்க வைத்துவிட்டால், பிறகு மெள்ளப் பிரித்து மறுபடியும் ஒன்பதாக்கிவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

ஹஸ்ருலிடம்தான் யோசனை கேட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்றைச் சொன்னான். சாகிற கூட்டில் தேன் மிச்சமிருக்கும், அதைத் திருட அவனுடைய ஈக்கள் வரும், தேனோடு உண்ணியையும் சுமந்துகொண்டு போகும். அவனுடைய முப்பது பெட்டியும் கெடும். தேறாத கூடுகளை இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்றான். அவனே செய்வதாகவும் சொன்னான். லோகேஸ்வரி வேண்டாம் என்றுவிட்டாள்.

சுகுமாரனை வீட்டில் விட்டுவிட்டு வந்து, பொழுது சாயும் நேரத்தில், ஈயெல்லாம் உள்ளே அடங்கிய பிறகு, தேறாத ஏழின் வாசலையும் பஞ்சால் அடைத்து மேலிருந்து சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். இரைச்சல் ஏறி, பிறகு கரைந்து, ஒன்றுமில்லாமல் போனது. முந்நூறு ஈயைக் கொல்லப் பயந்தவள் ஆயிரக்கணக்கில் கொன்றாள். முருகா, இதைத்தான் நான் கேட்டேனா என்று வாய்விட்டே கேட்டாள். கை சோப்பு வாசனை அடித்தது. காலிப் பெட்டிகளைத் துடைத்து, மூடி போட்டு, பழைய இடத்திலேயே வைத்தாள். கீழேயிருந்து பார்த்தால் ஒன்பதும் அப்படியே இருக்கும்.

மிச்சமிருந்த இரண்டு கூட்டின் ராணிகளையும் பிடித்து ஆளுக்கொரு சின்னக் கூண்டில் அடைத்தாள். ராணி முட்டையிடாவிட்டால் புதுப் புழு கிடையாது, உண்ணிக்கு ஒளிய இடம் கிடையாது. மூன்று வாரம் போல் விட்டு, இருக்கிற குஞ்செல்லாம் வெளியே வந்த பிறகு, ஆக்ஸாலிக் அமிலத்தைச் சீனிப்பாகில் கலந்து சட்டங்களுக்கு நடுவே சொட்டினால் ஈயின் மேல் இருக்கும் உண்ணிகள் அழியும். கேட்பதற்குச் சுலபம். வேலைக்கார ஈக்கள் ராணியைக் கவனிக்கின்றனவா, தீனி இருக்கிறதா, எறும்பு ஏறுகிறதா என்று இடையிடையே போய்ப் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து, குளிக்காமல்கூட மலைக்குப் போனாள். ஃபேக்டரியில் ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கிவிட்டாள். ஈயப் பொட்டெல்லாம் கால் முளைத்து நகர்கிற மாதிரி கனவு வந்தது. சூப்பர்வைசர் தோளைத் தட்டி, "அக்கா, வீட்டுல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டாள். "வீட்டுல ஒன்னுமில்ல ரூபினி, மலையிலதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அமிலம் சொட்ட வேண்டிய அன்று அவள் மேட்டுக்கு ஏறினதும் காலிப் பெட்டி ஒன்றின் மேல் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் ஞாபகம். விழித்தபோது யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கடைசிப் படியில் சுகுமாரன் நின்றுகொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"உங்களுக்கு அறிவிருக்கா?" என்று கத்திக்கொண்டே ஓடினாள். "யாரு ஏறச் சொன்னா? நெஞ்சு வலிக்குதா? இருங்க, மொதல்ல உக்காருங்க!"

"கூப்ட்டேன், கூப்ட்டேன், உன் குரல் வரல. பயந்துட்டேன்" என்றார். "நின்னு நின்னுதான் ஏறினேன். ஒன்னும் ஆகாது."

உட்காரவில்லை. வரிசையில் முதல் பெட்டியை விரல் முட்டியால் தட்டினார். காலி மரத்தின் சத்தம் வந்தது. இரண்டாவதைத் தட்டினார். மூன்றாவதற்குப் போகவில்லை. லோகேஸ்வரி வலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்டி" என்றார் சுகுமாரன். "அந்தக் குழாயடி வாளியில தண்ணி குடிக்க எத்தன ஈ வரும்? மொய்க்கும். போன மாசத்துலேர்ந்து நாலஞ்சுதான் வருது. ரெக்கை இல்லாதது என் செருப்பு மேலயே ஊர்ந்துச்சு."

"தெரிஞ்சும் ஏங்க கேக்கல?"

"எனக்காக நேர்ந்துக்கிட்டு நீ விட்டது. அத நான் எந்த வாயால கேக்கறது?"

இருவரும் ஒரே பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், சோப்புத் தண்ணீர் உட்பட. அவர் கேட்டுக்கொண்டார். சோப்புத் தண்ணீரைச் சொன்னபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப எத்தன உசுரோட இருக்கு?"

"ரெண்டு. ராணி ரெண்டும் கூண்டுல இருக்கு. இன்னிக்கு மருந்து சொட்டிட்டுத் தொறந்து விட்டா பொழச்சிக்கும்னு நினைக்கிறேன்."

அவர் எழுந்து போய் உயிருள்ள பெட்டிகளில் ஒன்றின் மேல் காதை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். அவர் முகம் இளகியதை அவள் பார்த்தாள். இந்த முகத்துக்காகத்தான் இத்தனை படியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒன்னு செய்யலாமா லோகா," என்று அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார். "இந்த ரெண்டையும் ஹஸ்ருல்கிட்ட குடுத்துட்டா—"

"சரி" என்றாள் லோகேஸ்வரி.

அவர் சொல்லி முடிக்கக்கூட இல்லை. பெட்டியிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் எதை உடைத்தாள் என்று அவளுக்கே தெரிந்தது. அவர் பெரிய மனசு பண்ணிச் சொன்னார். வேண்டாங்க, நீங்க ஆசையா வளத்தது, நான் பாத்துக்கறேன் என்று அவள் மறுப்பாள், ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்பாள் என்று அவருக்குள் ஒரு ஓரம் காத்துக்கொண்டிருந்தது. இப்போதுகூட அவள் சொல்லியிருக்கலாம். மருந்துக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள்.

"அவன் நல்லா பாத்துக்குவான்" என்றார் சுகுமாரன்.

"ஆமாங்க."

மருந்தை இருவரும் சேர்ந்தே சொட்டினார்கள். அவள் மூடியைத் தூக்கிப் பிடிக்க, அவர் ஊசிக்குழாயால் ஒவ்வொரு சட்டத்துக்கு நடுவிலும் சொட்டினார். ராணிக் கூண்டுகளையும் அவரே திறந்துவிட்டார். அந்தி சாய்ந்ததும் ஹஸ்ருல் வந்து, வாசலைப் பஞ்சால் அடைத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து இறக்கினான். ராணி முட்டையிட்டதும் போன் பண்ணுகிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று சுகுமாரனிடம் சொன்னான். சுகுமாரன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பெட்டிகள் போன பக்கம் திரும்பிப் பார்க்காமல், லோகேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி படியாக நின்று இறங்கினார்.

காடியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகும் அவர் சாவியைத் திருகவில்லை.

"கோவமா?" என்று கேட்டாள்.

"கோவமில்ல. நீ ஒரு தடவையாச்சும் வேணாம்னு சொல்லுவேன்னு நினைச்சேன்."

அவள் வலைத்தொப்பியை மடித்து மடியில் வைத்தாள்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லக்கூடத் தெம்பில்லைங்க" என்றாள்.

சுகுமாரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காடியை எடுத்தார். காய்கறிப் பாசார் முனையில் சிவப்பு விளக்கில் நிற்பதற்குள் அவள் வாய் திறந்து தூங்கிப்போயிருந்தாள். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான். சுகுமாரன் அவசரப்படாமல், குழிகளை ஒதுக்கி ஒதுக்கி, இடது ஓர வழியிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.